கசிவு: ஐந்து லீற்றர்

காலை ஆறரை. ஒலுமடுவுக்கு
முதல் பஸ் இன்னும் வரவில்லை.
மோட்டரைப் போடுகிறேன்.
ஊசி நடுங்கி ஏறும், நாலு, ஏழு,
பத்து பாரில் போய் நிற்கும்.
வாசலில் படுத்திருக்கும் நாய்
அந்தச் சத்தம் பிடிக்காமல்
எழும்பி றோட்டுக்குப் போகும்.

தன்பாட்டில் விட்டால் தண்ணி
உப்பைத் தேடித்தான் போகும்.
பிரசாரணம் என்று எழுதி
ஏ.எல்லில் ஆறு புள்ளி வாங்கினேன்.
இங்கே அதைப் பிடித்துத் திருப்பி
உப்பை விட்டு வரப் பண்ணுகிறோம்.
அதற்கு விலை அமுக்கம்.
அமுக்கத்துக்கு விலை கறண்ட்.
கறண்ட் நின்றால் எல்லாம் பழைய குணம்.

எங்கட கிணறுகளைக் கேத்தலுக்குத் தெரியும்.
அடியில் வெள்ளையாய்ப் பிடித்த கல்
கரண்டியால் சுரண்டினால் அசையாது,
தேசிப்புளி விட்டால் சீறிக்கொண்டு கரையும்.
கேத்தலைப் புளி விட்டுக் கழுவலாம்.
சிறுநீரகக் கிளினிக்கில்
கொப்பியோடு வரிசையில் நிற்பவர்களை
என்ன விட்டுக் கழுவ?

ஆகவே கணக்கு.
ஆயிரம் லீற்றர் உள்ளே. அதில் உப்பு
தொளாயிரம் கிராம்.
ஐந்நூறு லீற்றர் நல்ல தண்ணி,
அதோடு இருபது கிராம் தப்பி வரும்.
மிச்சம் எண்ணூற்றெண்பதும்
பின்பக்கப் பைப்பால் போகும்.
போகும் என்றால், எங்கே?

எங்கே என்று பரஞ்சோதிதான் கேட்டார்.
கையில் அவரின் தேசிக்கன்றின் இலை,
ஓரமெல்லாம் கருகி.
"நீர் சுத்தப்படுத்தேல்ல தங்கச்சி,
இடம் மாத்துறீர்."
திணிவுக் காப்பு விதியை
இவ்வளவு சுருக்கமாக
எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

பிறகு குழி வெட்டினோம். ஆழமில்லை, அகலம்.
அடியில் கறுத்தத் தறப்பாள்.
ஐந்நூறு லீற்றரை நெருப்பில் வற்றவைக்க
முன்னூறு யூனிற்றுக்கு மேல் வேண்டும்,
எங்கட மோட்டர் முழு நாளும்
இரண்டுதான் தின்னும்.
மிச்சத்தை வெயிலிடம் விட்டோம்.
ஆடியில் கச்சான் காற்றும் சேர
மூன்றாம் கிழமை குழி வெளுத்தது.
பரஞ்சோதி குனிந்து ஒரு துணுக்கை நக்கி,
துப்பி,
"கைக்குது" என்றார் திருப்தியாக.

உள்ளே வந்தது,
வெளியே போனது, உள்ளே தங்கியது.
இந்த மூன்றும் பொருந்த வேண்டும்.
பின்னேரம் கொப்பியில் பொருத்துவேன்.

பட்டியலில் தொண்ணூற்றொன்பது பேர்.
தலைக்கு ஐந்து லீற்றர்.
புவனலோஜினி வருவாள், இரண்டு பெட்டைகளோடு.
செயலகத்துப் பட்டியலில் அவர்கள் மூன்று பேர்.
"எத்தனை பேர்?" முதல் நாள் கேட்டேன்.
"நாலு."
பழைய குடும்ப அட்டையை எடுத்தாள்,
பொலித்தீன் உறையை விட்டுக் கழற்றாமல்
வெளிச்சத்தில் பிடித்தாள்.
நாலுதான்.
நான் பைப்பைத் திறந்தேன்.
இருபது லீற்றர்க் கான் விளிம்புவரை நிரம்பியது.
அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஐந்நூறு உற்பத்தி.
நானூற்றுத் தொண்ணூற்றைந்து விநியோகம்.
எனக்குப் படிப்பித்த சமன்பாட்டில்
காணாமல் போனது என்று
ஓர் உறுப்பு இல்லை.
ஒவ்வொரு நாளும் எழுதுகிறேன்:
கசிவு, ஐந்து லீற்றர்.

மாத முடிவில் வவுனியாவிலிருந்து பொறியியலாளர்.
நல்ல பெடியன். டோர்ச் கொண்டுவந்தார்.
மூட்டு மூட்டாகத் தடவினார்,
தாங்கிக்குக் கீழே ஊர்ந்து போனார்,
பழைய பேப்பரை விரித்து
ஒரு மணித்தியாலம் பார்த்திருந்தார்.
பேப்பர் காய்ந்தபடி கிடந்தது.
"நூற்றைம்பது லீற்றர், மிஸ்.
எங்கேயோ போகுதுதானே?"
"ஓம் சேர். எங்கேயோ."

போன கிழமை தபாலில்
ஆறு புது வாசர் வந்தது.
றப்பர் மணம் மாறாமல்
லாச்சியில் கிடக்கிறது.
இன்று பதினெட்டாம் திகதி.
மோட்டரை நிற்பாட்டிவிட்டுக்
கொப்பியைத் திறக்கிறேன்.